கம்பி அறவில்லை, பெயரே அறுந்தது!



முத்துக்கும் சங்குக்கும் உப்புக்கும் பெயர்பெற்ற ஊர் தூத்துக்குடி. இணையத்தில் நேரும் ஒரு பழுதைப் பற்றிய உரை இவ்வூரின் முத்துக் குளிப்பிலிருந்து தொடங்குவது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். வியப்பதற்கு ஒன்றுமில்லை. இரண்டின் உள்ளீடும் ஒன்றே.

முத்துக் குளிப்பவன் கல் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு கீழே இறங்குவான். தோணியில் ஒருவன் கயிற்றைக் கையிற் பிடித்தபடி நிற்பான். கீழிருப்பவன் கயிற்றை அசைத்த நொடியில் மேலிருப்பவன் இழுத்தாக வேண்டும். அக்கயிறு வெறுங்கயிறன்று, உயிர்க்கயிறு. அவ்வாறு இறங்கியவன் வெறுங்கையோடு மேலே வந்தால் தோணியிலுள்ளோர் என்ன செய்வர்? கயிற்றை அறுத்து எறிவரோ? எறியார். "தோணி நிற்பது பாரின் மேலா, வெறுமணலின் மேலா?" என்றே முதலில் ஆய்வர்.

மன்னார்க் குடாவின் முத்துப் பார்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. 'தொலையிரம் பார்' அவற்றுள் ஒன்று. ஆயினும் பெயரைச் சொன்ன அளவில் பார் வந்து தோணிக்கடியில் நின்றுவிடாது. கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒரு கோட்டிலும், வேறு இரண்டை மற்றொரு கோட்டிலும் நிறுத்தி, அவ்விரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தைக் காட்டவல்ல ஒருவன் வேண்டும். பெயர் வேறு; இடம் வேறு; பெயரை இடமாக்கித் தருபவன் வேறு. இம்மூன்றையும் பிரித்தறியாதவன் நல்ல கயிற்றை அறுத்துவிட்டுக் கடலை நொந்துகொள்வான்.

இணையத்திலும் அதுவே நிகழ்கிறது. மொழியிலும் அதுவே நிகழ்கிறது.

தொலைபேசிவழி வந்த இணையம்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பை 1995 ஆகசுட்டு 15ஆம் நாள் விதேசு சஞ்சார் நிகாம் என்னும் நடுவணரசு நிறுவனம் தொடங்கியது. அந்நாளில் இணையம் வீட்டுக்கு வந்த வழி தொலைபேசிக் கம்பியே. கணிப்பொறிக்கும் கம்பிக்கும் நடுவே மோடம் எனப்படும் இணக்கி இருக்கும். அது தொலைபேசி எண்ணைச் சுழற்றும். மறுமுனையிலுள்ள இணக்கியோடு கீச்சொலியாலும் இரைச்சலாலும் உறவாடும். உடன்பாடு எட்டியதும் அமைதியாகிவிடும். மிகச் சிறந்த இணக்கிக்கும் நொடிக்கு 56,000 துணுக்குகளே எல்லை. இணைப்பு இருக்கும்வரை அக்கம்பியில் எவரும் பேச முடியாது. ஒவ்வொரு மணித்துளிக்கும் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். இன்று அவ்வகை இணைப்பு ஏறத்தாழ மறைந்துவிட்டது. ஆனால் அது கற்பித்த பாடம் மறையவில்லை.

ஒரு காட்சியை உள்ளத்தில் அமைத்துக்கொள்க. ஆண்டு 1990களின் இறுதி. துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் முகவரின் அலுவலகம். மறுநாள் காலை கப்பல் வரவிருக்கிறது. சரக்குப் பட்டியல் இரவுக்குள் மின்னஞ்சலில் போய்ச் சேரவேண்டும். எழுத்தர் எண்ணைச் சுழற்றுகிறார். இணக்கி கூவுகிறது, உறுமுகிறது, அமைதியாகிறது. திரையில் 'இணைப்புக் கிட்டியது' என்று தெரிகிறது. பட்டியலை அனுப்புகிறார். 'அப்பெயருடைய வழங்கியைக் காணோம்' என்று மறுமொழி வருகிறது. மீண்டும் முயல்கிறார். மீண்டும் அதே மறுமொழி. இணைப்பைத் துண்டித்து மறுபடி சுழற்றுகிறார். பத்து முறை சுழற்றியும் பயனில்லை. 'கம்பி கெட்டுவிட்டது' என்று முடிவுகட்டித் தொலைபேசி நிலையத்துக்கு முறையீடு எழுத அமர்கிறார்.

அன்பர்களே! கம்பி கெடவில்லை. உயிர்க்கயிறு உறுதியாகவே இருக்கிறது. அற்றுப்போனது வேறொன்று.

எண்ணும் பெயரும்

இணையத்தில் ஒவ்வொரு பொறிக்கும் ஓர் எண்முகவரி உண்டு. பழைய முறையில் அது நான்கு எண்களால் ஆனது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை, நடுவே புள்ளிகள். பொறி அறிவது அவ்வெண்ணை மட்டுமே. மாந்தனோ பெயரை நினைவில் வைத்துக்கொள்பவன். ஆகவே பெயரை எண்ணாக்கித் தரும் ஏற்பாடு தேவையாயிற்று.

தொடக்கத்தில் அவ்வேற்பாடு ஒரே ஓர் ஏடுதான். அமெரிக்காவில் இசுடான்போர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத்து பெயின்லர் என்னும் அம்மையார் தலைமையில் இயங்கிய தகவல் நடுவம் அவ்வேட்டைப் பேணிவந்தது. எல்லாப் பொறிகளின் பெயரும் எண்ணும் அதில் இருக்கும். ஒவ்வொருவரும் அதன் படியை எடுத்துத் தம் பொறியில் வைத்துக்கொள்ள வேண்டும். பொறிகள் பெருகப் பெருக அவ்வேடு தாங்கவில்லை. 1983இல் பால் மாக்கபெற்றிசு என்னும் அறிஞர் புதிய அமைப்பை வகுத்தார். அதுவே இன்றுவரை உலகெங்கும் இயங்கும் களப்பெயர் அமைப்பு.

அது மரம் போன்றது. உச்சியில் வேர் வழங்கிகள். அவற்றுக்குப் பதின்மூன்று பெயர்கள். படிகளோ உலகெங்கும் ஆயிரத்துக்கு மேல். அவற்றைப் பேணும் பன்னிரண்டு அமைப்புகளில் பெரும்பாலானவை அமெரிக்காவைச் சார்ந்தவை. வேருக்குக் கீழே நாட்டுப் பெயர்களையும் வகைப் பெயர்களையும் பேணும் வழங்கிகள். அவற்றுக்கும் கீழே நிறுவனங்களின் வழங்கிகள்.

எழுத்தரின் பொறி நேரே வேரிடம் போவதில்லை. இணைப்புத் தரும் நிறுவனத்தின் பெயர் வழங்கியைத்தான் கேட்கிறது. அவ்வழங்கி வேரைக் கேட்கும். வேர், "எனக்குத் தெரியாது, அந்நாட்டுப் பெயர்களைப் பேணுபவரைக் கேள்" என்று வழிகாட்டும். அவர் அடுத்தவரைக் காட்டுவார். இறுதியாக எண் கிட்டும். அறியாத ஊருக்கு வந்த ஒருவன் நாட்டாண்மையைக் கேட்டு, அவர் தெருவைக் காட்ட, தெருவார் வீட்டைக் காட்டுவதுபோல என்க.

பழுதாயும் படிகள்

இனி, எழுத்தரின் பழுதுக்கு வருவோர் படிப்படியாக ஆய்வதே அறிவு. உணர்ச்சி வயப்பட்டு மீண்டும் மீண்டும் சுழற்றுவது காசுக்குக் கேடு.

முதற்படி: கம்பியை ஆய்தல். இதற்கு 'பிங்' என்னும் சிறு நிரலி உள்ளது. 1983 திசம்பரில் மைக் மூசு என்னும் அமெரிக்கர் அதனை எழுதினார். நீர்மூழ்கிகளும் கப்பல்களும் நீருக்குள் ஒலியை விடுத்து எதிரொலியைக் கேட்குமன்றோ? அவ்வொலியையே அவர் தம் நிரலிக்குப் பெயராக்கினார். கடலோர மக்களுக்கு அதன் இயல்பை விளக்க வேண்டுவதில்லை. கூவினால் எதிரொலி வரவேண்டும். முதலில் 127.0.0.1 என்னும் எண்ணைக் கூவுக. அது எந்தப் பொறிக்கும் தன்னையே குறிக்கும் எண். எதிரொலி வந்தால் தன் பொறியின் இணைய மென்பொருள் நன்று. அடுத்து, வெளியிலுள்ள ஓர் எண்ணைக் கூவுக. எதிரொலி வந்தால் கம்பியும் நன்று; இணக்கியும் நன்று; மறுமுனையும் நன்று. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: சில வழங்கிகள் கூவலுக்கு வாய்திறவா வண்ணம் அமைக்கப்பட்டிருக்கும். ஆகவே ஒன்று ஊமையாக இருந்தால் மற்றொன்றைக் கூவிப் பார்க்காமல் முடிவு கட்டலாகாது.

இரண்டாம் படி: பெயரைக் கூவுதல். எண்ணுக்கு எதிரொலி வந்து, பெயருக்கு வராவிட்டால் பழுது பிடிபட்டது. கம்பியில் இல்லை, பெயரில் இருக்கிறது. இந்த ஒரே ஒரு பிரித்தறிதல் எத்தனையோ வீண் முறையீடுகளைத் தவிர்த்துவிடும்!

மூன்றாம் படி: ஒரு பெயர் மட்டும் கிட்டவில்லையா, எல்லாப் பெயர்களுமா என நோக்குதல். ஒன்று மட்டுமெனில் பழுது அப்பெயருக்கு உரியவரிடம். எல்லாமெனில் பழுது தன் பொறியிலோ, தனக்கு அருகிலுள்ள பெயர் வழங்கியிலோ இருக்கிறது.

நான்காம் படி: தன் பொறி யாரைக் கேட்கிறது என்று அறிதல். இதுவே பெரும்பாலும் பழுதின் உறைவிடம். தொலைபேசிவழி இணைப்பில், முனைக்கு முனை நெறிமுறைப்படி இரு பொறிகளும் உடன்பாடு செய்துகொள்ளும் பொழுதே, பெயர் வழங்கிகளின் எண்களை மறுமுனை அறிவித்துவிட முடியும். 1995 திசம்பரில் வெளியான ஒரு நெறிக்குறிப்பு அதற்கு வழிசெய்தது. விண்டோசு 95, 98 பொறிகளில் இதற்கு இரண்டு தேர்வுகள் இருந்தன: 'வழங்கியே எண்ணை அளிக்கட்டும்' என்பது ஒன்று, 'கையால் எழுதிய எண்ணைக் கொள்க' என்பது மற்றொன்று. கையால் எழுதியது பிழைபட்டிருந்தாலும், முன்பு இணைப்புத் தந்த வேறு நிறுவனத்தின் எண்ணாக இருந்தாலும், அலுவலக உள்வலைக்கென எழுதிவைத்த எண்ணாக இருந்தாலும் பொறி தவறான வாயிலையே தட்டிக்கொண்டு நிற்கும். இலினக்சுப் பொறிகளிலோ இவ்வெண்கள் ஒரு சிறு கோப்பில் இருக்கும். மறுமுனை தரும் எண்களை வாங்கிக்கொள்க என்று இணைப்பு நிரலிக்குச் சொல்ல மறந்தால், கம்பி முழுவீச்சில் ஓடும். பெயர் ஒன்றேனும் கிட்டாது.

ஐந்தாம் படி: வேறொருவரைக் கேட்டல். இரண்டு பெயர் வழங்கிகளை எழுதிவைப்பது இதற்காகவே. முதலாவது ஊமையானால் இரண்டாவது பேசும். இன்று ஒளியிழை இணைப்புடையோர்க்கும் இதுவே மருந்து. 2009 முதல் கூகுள் நிறுவனத்தின் 8.8.8.8 என்னும் எண்ணும், 2018 முதல் கிளவுடுபிளேர் நிறுவனத்தின் 1.1.1.1 என்னும் எண்ணும் எவர் கேட்பினும் விடையிறுக்கின்றன.

எழுத்தரின் பொறியில் இருந்தது நான்காம் படியிற் கூறிய பழுதெனக் கொள்க. ஓரெண் மாறிக் கிடந்தது. திருத்தினார்; பட்டியல் போயிற்று; கப்பலும் வந்தது. முறையீட்டுத் தாள் கிழிந்தது.

கொற்கை கற்பிக்கும் பாடம்

இன்னும் ஒரு பழுது உண்டு. அது நுட்பமானது. ஒருமுறை கேட்டறிந்த எண்ணைப் பொறி சிறிது காலம் நினைவில் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு விடையோடும் 'இத்துணைக் காலம் இது செல்லும்' என்னும் காலவரை சேர்ந்தே வரும். அக்காலத்துக்குள் உரியவர் எண்ணை மாற்றிக்கொண்டால், பழைய நினைவை நம்பியவர் பாழிடத்துக்குப் போய்ச் சேர்வார். அதனினும் கேடு, பொறியிலுள்ள பழைய ஏட்டில் எவரோ கையால் எழுதிவைத்த வரி. அதற்குக் காலவரையே இல்லை. அழிக்கும்வரை பொய் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இதற்கு எடுத்துக்காட்டு தேட வேண்டுமோ? தூத்துக்குடிக்குத் தெற்கே கொற்கை இருக்கிறது. பாண்டியரின் முத்துத் துறை. கிரேக்கர் 'கொல்கோய்' என்று தம் ஏடுகளில் எழுதிவைத்த பெருந்துறை. பொருநையாறு மண்ணைக் கொணர்ந்து கொட்டியது, கடல் விலகியது, துறை தூர்ந்தது. வாணிகம் காயலுக்குப் போயிற்று. காயலும் தூர்ந்தது. பின்னர்த் தூத்துக்குடி தலையெடுத்தது. பழைய ஏட்டை நம்பிக் கொற்கைக்குக் கப்பல் ஓட்டி வருபவன் வயலில் அன்றோ வந்து நிற்பான்! ஏடு ஒருகால் உண்மைதான். ஆனால் அதன் காலவரை கழிந்துவிட்டது. முத்துக்கும் அதே கதி. 1961க்குப் பின் இக்கடலில் பெரிய முத்துக் குளிப்பு நிகழவில்லை. ஏடுகளோ இன்னும் குளிப்பு நடப்பதுபோலவே எழுதுகின்றன!

ஊர் ஒன்று, ஏடு பல

தமிழ்ப் பெருமக்களே! இனி இப்பழுதாயும் முறையை இவ்வூரின் பெயர்மீதே செலுத்திப் பார்த்தல் வேண்டும்.

இவ்வூர் மக்கள் வாயில் 'தூத்துக்குடி'. அயலார் ஏட்டில் 'டூட்டிகொரின்'. தொடர்வண்டித் துறையின் ஏட்டில் டி, என் என்னும் இரண்டெழுத்து. அதே இரண்டெழுத்து வண்டிகளின் பதிவுப் பலகையில் தமிழ்நாடு முழுமையையும் குறிக்கும்! வானூர்தி ஏட்டில் டி, சி, ஆர். அம்மூன்றெழுத்தைத் தொடர்வண்டி ஏட்டில் தேடினால் கேரளத்தின் திருச்சூர் வந்து நிற்கும்! கப்பல் துறைகளுக்கான உலக ஏட்டிலோ நாட்டுக்குறியை அடுத்து டி, யூ, டி. ஒரே ஊர், எத்தனை ஏடு! எத்தனை குறி! எந்த ஏட்டைக் கேட்கிறோமோ அந்த விடையே வரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவ்வூர்த் துறைமுகம் 1974 சூலை 11ஆம் நாள் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்றது. 2011இல் அதற்கு வ.உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பெற்றது. 1906இல் வெள்ளையரின் கப்பல் வல்லாண்மைக்கு எதிராகத் தமிழர் கப்பல் விடுத்த பெருமகனின் பெயர் அவர் கப்பல் விட்ட ஊரின் துறைக்கு ஏறியது. 2006இல் இவ்வூரிலிருந்து இலங்கையின் கொழும்பையொட்டிய கல்கிசைக்குக் கடலடி ஒளியிழை வடம் இயங்கத் தொடங்கியது. 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அவ்வடம் முன்னோர் முத்தெடுத்த கடலின் ஊடேதான் செல்கிறது. குளித்தவனின் கயிறு போயிற்று, ஒளிக்கயிறு வந்தது. கயிற்றுக்குக் குறையில்லை. ஆனால் உலகின் வடப் பட்டியல்களில் அக்கயிற்றின் இம்முனைக்கு எழுதியுள்ள பெயர் எது? 'டூட்டிகொரின்' என்பதே!

2020 சூன் திங்களில் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி அரசாணை வெளியிட்டது. தூத்துக்குடியும் அதில் இருந்தது. எழுத்துக்கூட்டல்களைப் பற்றிப் பல பக்கமிருந்தும் குறைகூறல் எழுந்தது. சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஏன் இந்நிலை? உரோம எழுத்தில் தகரத்துக்கும் டகரத்துக்கும் தனித்தனி வடிவில்லை. குறிலுக்கும் நெடிலுக்கும் ஒழுங்கான வேறுபாடில்லை. ஒருவர் ஒரு ககரம் இடுவார். மற்றவர் இரண்டு இடுவார். மாந்தன் இரண்டையும் ஒன்றென உணர்வான். பொறி உணராது. பொறிக்கு ஓரெழுத்து மாறினாலும் வேறு பெயர், வேறு இடம். அயலெழுத்தில் எத்தனை ஆணை பிறப்பித்தாலும் இச்சண்டை தீராது. தமிழெழுத்திலோ 'தூத்துக்குடி' என்பதற்கு ஒரே வடிவம். சண்டைக்கு இடமே இல்லை!

பெயர்கள் காத்திருக்கின்றன

"அதெல்லாம் சரி, இணையத்தில் தமிழெழுத்தால் பெயரிட முடியுமோ?" என்று சிலர் கேட்கலாம். முடியும். 2003இலேயே அதற்கான நெறி வகுக்கப்பட்டுவிட்டது. எழுதுபவர் தமிழில் எழுதுவார். பொறி அதனை எக்சு, என் என்னும் இரண்டு உரோம எழுத்துகளும் இரண்டு சிறுகோடுகளும் முன்னே கொண்ட ஒரு குறிச்சரமாக மாற்றிக்கொண்டு வேரைக் கேட்கும். 'கொ' போன்ற எழுத்துகளை இருவகையில் உள்ளிட்டாலும் அவற்றை ஒன்றாக்கிவிட ஒருங்குகுறியில் விதி உண்டு. 2010, 2011 ஆண்டுகளில் வேர் ஏட்டிலேயே மூன்று தமிழ்ப் பெயர்கள் ஏறின: இலங்கை, சிங்கப்பூர், இந்தியா. ஆம், தமிழெழுத்திலேயே ஏறின! மூன்று நாடுகளின் பெயரால் தமிழ் இன்று இணையத்தின் வேரிலேயே நிற்கிறது.

வேரில் இடம் உண்டு. கம்பி உண்டு. வடம் உண்டு. நெறி உண்டு. பின் எது அறுந்தது? அப்பெயர்களின் கீழே தம் பெயரைத் தமிழில் பதியத் தமிழர் வரவில்லை! கடைப்பலகையில் தமிழில்லை என்று வருந்துவோரின் இணைய முகவரியிலும் தமிழில்லை. தமிழ் மன்றங்களும் தமிழ்ப் பதிப்பகங்களும்கூடத் தம் பெயரை உரோம எழுத்திலேயே பதிந்து, 'எழுத்துக்கூட்டல் எப்படி?' என்று கேட்பவர்க்கு ஒவ்வோரெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இடையூறுகள் உள்ளன என்பதையும் மறைக்கலாகாது. தமிழ் முகவரியை ஏற்க மறுக்கும் படிவங்கள் இன்னும் உள்ளன; தமிழ் மின்னஞ்சல் முகவரியை அறியாத நிரலிகளும் உள்ளன. ஆனால் அவை மூன்றாம் படியிற் கூறிய தனிப் பழுதுகள், ஒன்றொன்றாகத் தீரக்கூடியவை. எவரும் பதியாத பெயரை எந்த வழங்கியாலும் தேடித் தர முடியாது என்பதோ தீராப் பழுது. அதனைத் தீர்ப்பது தமிழர் கையிலேயே உள்ளது.

ஆகவே, ஊர்தோறும் இளைஞர் தம் ஊர்ப்பெயரைத் தமிழெழுத்தில் பதிக! நூலகங்களும் மன்றங்களும் கடைகளும் பழைய முகவரியை உடனே விட வேண்டுவதில்லை. அதனோடு தமிழ் முகவரியையும் சேர்த்துப் பதிக! ஓரெண்ணுக்கு இரண்டு பெயர் இருக்க இணையம் இடந்தருகிறது. தமிழ் முகவரியை ஏற்காத படிவத்தைக் கண்டால் வாளா விட்டுவிடாது உரியவர்க்கு எழுதுக! காலவரை கழிந்த பழம்பெயரை உள்ளத்து ஏட்டிலிருந்து அழிக்க!

முத்துக் குளித்தவன் வெறுங்கையோடு மேலே வந்தாலும் முன்னோர் கயிற்றை அறுக்கவில்லை. இடத்தைத் திருத்தினர், மீண்டும் இறங்கினர், முத்தோடு வந்தனர். தமிழின் கயிறு அறவில்லை. கேட்கும் ஏட்டைத் திருத்துக! பெயரைப் பதிக! முத்து தானே வரும்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழ்ப்பெயர்!